பிளக் பாயிண்ட் எங்கம்மா

ஜிபிஎஸ் கருவி கடைக்கு வந்த அன்று நடந்த பேச்சு ஆரோக்கியசெல்விக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

காலை ஒன்பதரை இருக்கும். வில்லியனூரில் அரங்கநாதன் நடத்தும் வாடகைக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஷாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஃபோனை எடுத்து விலாசம் கேட்டு நோட்டில் எழுதுவது அவள் வேலை. அரங்கநாதனின் மச்சான் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவர், திரும்பும்போது அந்தக் கருவியைக் கடையில் விட்டுப் போயிருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, வண்டிக் கண்ணாடியில் ஒட்ட ஒரு ரப்பர் கிண்ணம். ஐஸ் பெட்டி வண்டி ஓட்டும் ஆதிமூலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பேசுமா என்று கேட்டார்.

பேசும் என்றாள்.

எந்த பாஷையில் என்றார். இங்கிலீஷ், பிரெஞ்சு, இன்னும் என்னென்னவோ இருக்கிறது, தமிழ் மட்டும் இல்லை என்றாள்.

"திட்டுனாக்கூட நமக்குப் புரியாது. அதுவும் நல்லதுதான்."

பிறகு ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். பெண் குரல்தான் என்றதும், அப்படியென்றால் மேடம் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார். சிக்னல் வேண்டுமா, ரீசார்ஜ் போட வேண்டுமா என்று விசாரித்தார். எதுவும் வேண்டாம், வானத்தில் இருக்கும் சேட்டிலைட்டைப் பார்த்துச் சொல்லும் என்று அவள் சொன்னபோது கடையின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நம் ஊர்களெல்லாம் இதில் இருக்கிறதா என்றார். ஊர் இருக்கிறது, தெரு பாதிக்கு மேல் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருமுறை போய் இந்த இடத்தில் அழுத்தினால் அந்த வீட்டை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் வாசல்வரை கொண்டுபோய் விடும் என்று அவள் அழுத்திக் காட்டினாள்.

அவர் சாவிக்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார். அவரால் கை சும்மா இருக்க நிற்க முடியாது. பிறகு, "இது இருந்தா நான் யாரையும் வழி கேக்க வாணாமில்ல?" என்றார்.

"பாதி வூட்டுக்கு வேணாம்ணே."

"பாதி போதும். நீ ஒரு நாளு என் வண்டியில வந்து பாரு பாப்பா. நிறுத்தி, இன்னாரு வூடு எதுன்னு கேட்டா, கேட்டவன் மூஞ்சி போற போக்க உன்னால பாக்க முடியாது. அந்தப் பேருல அவனுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். என் வாயால கேட்டுத்தான் அவன் தெரிஞ்சிக்கணுமா?"

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. கருவியை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

ஆதிமூலத்துக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பாகூர் பக்கம் சொந்த ஊர். இளவயதில் கரும்பு டிராக்டர் ஓட்டினார். ஆலைக்கு லோடு போவது குறைந்தபோது பிரைவேட் டவுன் பஸ்ஸில் சில வருஷம். பஸ்ஸில் நின்று நின்று ஏறும் கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் அதையும் விட்டார். ஐஸ் பெட்டி வண்டிக்கு ஆள் கிடைக்காமல் அரங்கநாதன் அலைந்த சமயத்தில் ஒரு வாரத்துக்கு என்று வந்தவர், பதினோரு வருஷமாக அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். குட்டி யானை என்று ஊரில் சொல்லும் சின்ன லோடு வண்டி அது. பின்னால் பெட்டி, ஸ்டெபிலைசர், நாற்பது அடி ஒயர்.

அவருக்கென்று சில முறைகள் உண்டு. சாவு நடந்த ஊருக்குள் ஹாரன் அடிக்க மாட்டார். வீட்டுக்கு ஒரு வீடு முன்னால் நிறுத்தி, பின்பக்கமாகத்தான் வாசலுக்கு வருவார். முதல் ஐந்து நிமிஷம் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். இறந்தவர் யார், என்ன வயது, எப்படி ஆனது என்று எதுவும் கேட்க மாட்டார். ஒரே ஒரு கேள்விதான்: பிளக் பாயிண்ட் எங்கம்மா? பெட்டியை வைத்து, ஒயரை மாட்டி, குளிர் ஏறுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவார். அங்கே சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டுக்குப் போனால் பின்கட்டில் ருக்குமணி வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். குளித்த பிறகுதான் உள்ளே. வண்டியைத் தெருமுனை ரேஷன் கடைச் சுவரோரம் விட வேண்டும் என்று தெருக்காரர்கள் சொல்லாமலே அவர் அங்கே விட்டு வந்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா என்ன வண்டி ஓட்டுகிறார் என்று கேட்டதற்கு ருக்குமணி லோடு வண்டி என்று சொன்னாள். அதில் பொய் இல்லை என்று ஆதிமூலம் பிறகு சொல்லிச் சிரித்தார்.

மேடம் வந்தது அவருக்கு எவ்வளவோ நிம்மதி. வில்லியனூரிலிருந்து பாகூர் போவதற்குள் வழியில் மாநில எல்லை மாறி மாறித் தமிழ்நாடு வந்து வந்து போகும். எந்தத் தெரு எந்த ஊரில் சேர்ந்தது என்று அங்கேயே பிறந்தவர்களுக்கும் குழப்பம். இதில் டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி விசாரிப்பது ஒழிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும் முன் அவர் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டு வருவார். சாயங்காலம் ஆரோக்கியசெல்வி அந்தப் புள்ளிக்கு இங்கிலீஷில் ஊரையும் பெயரையும் எழுதிவைப்பாள். பத்தாவதுவரை தமிழிலும் அதற்குமேல் இங்கிலீஷிலும் படித்தவள். அந்தக் கடையில் அந்தப் படிப்பு பயன்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். புது வீடு என்றால் ஃபோன் செய்தவரை முனையில் நிற்கச் சொல்லுவாள். பழைய வீடு என்றால் பட்டியலில் தொட்டுக் கருவியை அவர் கையில் கொடுத்துவிடுவாள். எங்கே என்று அவர் கேட்பதும் எங்கே என்று அவள் சொல்வதும் நாளாக நாளாக நின்றுபோயிற்று. இருவருமே அதிகம் பேசாதவர்கள். அது இருவருக்கும் வசதியாக இருந்தது.

கருவிக்கு வயதாகிவிட்டதால் ஒரு கோளாறு. தொட்ட வரிக்கு மேல் வரியை எடுத்துக்கொள்ளும். ஒரு நூல் கீழே தள்ளித் தொட வேண்டும், தொட்டபின் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் அவள் அப்படித்தான் செய்தாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பண்டசோழநல்லூரிலிருந்து ஃபோன் வந்தது. பெரியவர் பெரிய ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார், உடல் மதியத்துக்குள் வந்துவிடும், பெட்டி முன்னால் போய்க் குளிர்ந்து இருக்கட்டும் என்றார்கள். இந்தப் பக்கம் அதுதான் வழக்கம். ஆஸ்பத்திரிச் சாவு என்றால் பெட்டி முன்னால் வரும், உடல் பின்னால் வரும். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவுக்குப் பெட்டி போயிருந்ததால் பட்டியலில் இருந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து இன்னொரு ஃபோன் அடிக்கத் தொடங்கியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு அவள் திரையைத் தொட்டாள். படிக்கவில்லை. ஆதிமூலம் வாங்கிக்கொண்டு போனார்.

பத்தே முக்காலுக்கு அவர் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ எந்த வூட்டப் போட்ட?"

"பண்டசோழநல்லூர்ணே."

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

"நான் ஏம்பலத்துல நிக்கிறன்."

அவளுக்கு விரல் நுனியில்தான் முதலில் புரிந்தது. தூரத்தின்படி அடுக்கிய பட்டியலில் பண்டசோழநல்லூருக்கு மேல் வரி ஏம்பலம். நான்கு மாதத்துக்கு முன் தங்கவேல் என்ற கூலிக்காரர் இறந்த வீடு. அவர் மனைவி கலியம்மாள் அங்கே தனியாக இருந்தாள். ஒரே மகன் கலைவேந்தன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறான்.

என்ன நடந்தது என்று அவர் சொன்னது இவ்வளவுதான். வீட்டை அடையாளம் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டுக்கு மறுபடியுமா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பியிருக்கிறார். கூட்டமில்லை, பெட்டி முன்னால் வரும் வீட்டில் கூட்டமிருக்காது என்பதால் அது அவருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த கலியம்மாளின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை என்று திரும்பினால், அவள் கையில் தழையோடு நேராக வண்டிக்குப் போய், சாவியை உருவி, முந்தியில் முடிந்துகொண்டு, முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழவில்லை. "எம் புள்ளைய எங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

தப்பு நடந்துவிட்டது, இது உங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி இல்லை என்று ஆதிமூலம் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்தாரும் வந்து சொல்லியிருக்கிறார்கள். அவள் யாரையும் நம்பவில்லை. பிள்ளையின் குரலைக் கேட்காமல் வண்டி நகராது என்றாள்.

ஆரோக்கியசெல்வி மகனின் நம்பரை வாங்கி அழைத்தாள். மணி முழுதாக அடித்து நின்றது. மறுபடியும். ஏழு தடவை. டீ குடிக்கப் போன அரங்கநாதன் திரும்பிவந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். இரண்டாவது பெட்டி மண்ணாடிப்பட்டில் வாடகைக்குப் போயிருந்தது. தெரிந்த கடை ஒன்றைப் பிடித்துப் பண்டசோழநல்லூருக்கு வேறு பெட்டி அனுப்ப ஏற்பாடு செய்தார். மச்சான் கொடுத்ததை அப்போதே தலையைச் சுற்றித் தூக்கி எறிந்திருக்க வேண்டும், மெஷினை நம்பினால் இப்படித்தான் என்று முணுமுணுத்தார். மெஷின் இல்லை, என் விரல் என்று அவள் சொல்லியிருக்கலாம்.  மீண்டும் அந்த நம்பரை அடித்தாள்.

வேலைக்குள் போகும்போது ஃபோனைப் பூட்டிவைத்துவிடுவார்கள், எடுக்க மாட்டான் என்று பக்கத்து வீட்டு ஜெயா சொன்னதை ஆதிமூலம் திரும்பச் சொன்னார். அவனுடைய பழைய கம்பெனி அட்டை ஒன்று ஆணியில் தொங்குகிறதாம். அதில் கேட் ஃபோன் நம்பர் இருக்கிறதா பாருங்கள் என்றாள். எண்களை அவர் தடங்கலில்லாமல் படித்தார். வேலையாள் குறியீடு என்று கீழே ஏதாவது இருக்கும், அதையும் சொல்லுங்கள் என்றாள்.

"இங்கிலீசுல இருக்குது பாப்பா."

"எப்டி இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"மொதல்ல ஒரு ஏணி. ஒரே ஒரு படி வச்ச ஏணி. அப்புறம் பாம்பு நெளியற மாதிரி. அப்புறம் நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு."

ஏணி எச், பாம்பு எஸ், நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. எழுதிக்கொண்டாள்.

கேட்டில் எடுத்த காவலாளிக்குத் தமிழ் தெரியவில்லை. அவனுடைய இங்கிலீஷும் அவளுடையதும் எங்கெங்கோ இடித்துக்கொண்டன. கலைவேந்தனோடு ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். டியூட்டியில் யாரையும் கூப்பிட முடியாது, எமர்ஜென்சி என்றால் மட்டும்தான் என்றான். எமர்ஜென்சிதான் என்றாள். வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டான். இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களா? இல்லை. அப்படியென்றால் என்ன எமர்ஜென்சி என்றான்.

 அம்மாவுக்கு சீரியஸ் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்கு மெஷினை நிறுத்தி அவனை அனுப்பிவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் மெஷினிலிருந்து கேட்டுக்கு வரும் அந்தத் தூரத்தை அவன் எப்படி நடந்து வருவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஏம்பலத்தில் ஒருத்தி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் நடந்து வருவான். ஒரே காலையில் இரண்டு பேருக்கு அதைச் செய்ய அவளால் முடியவில்லை.

முதலிலிருந்து சொன்னாள். பெட்டி என்றால் என்ன, அது எதற்கு வரும், எப்போது வரும், யார் வீட்டுக்கு வந்துவிட்டது. பேசிப் பழக்கமில்லாதவள். பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல் ஒவ்வொரு வாக்கியமாக முடித்து முடித்துச் சொன்னாள். காவலாளி சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு பெல், அதற்குமுன் தன்னால் எதுவும் ஆகாது, ஆனால் கேண்டீன் வாசலில் தானே நின்று பிடித்துப் பேசவைக்கிறேன் என்றான். குறியீட்டை வாங்கிக்கொண்டான். ஆதிமூலத்தின் நம்பரையும் வாங்கிக்கொண்டான்.

மணி பதினொன்று பத்து.

ஏம்பலத்துக்குச் சொன்னாள். ஆதிமூலம் அதைக் கலியம்மாளிடம் சொல்வது கேட்டது. அவள் பதிலும் கேட்டது.

"அப்ப பன்னெண்டரை வரைக்கும் உசுரோட இருக்கான்னு சொல்றீங்க. பன்னெண்டரைக்கு மேல இன்னா சொல்லுவீங்க?"

அவர் பட்டன் ஃபோனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெரிந்து செய்தாரோ தெரியாமலோ. அவளும் வைக்கவில்லை. காதோடு ஒட்டிக்கொண்டு எழுந்தாள், வாசல்வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கைப்பையில் ஜெபமாலை இருந்தது. ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது, ஆனால் ஒரு மணிகூட உருளவில்லை. நாற்காலி வேண்டும் என்று வந்த ஒருவரை அரங்கநாதன்தான் கவனித்து அனுப்பினார்.

பைக்குள்ளிருந்து ஏம்பலம் துணி உரசலோடு கேட்டது. ஆதிமூலத்தின் செருப்பு அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தது. ஜெயாவின் குரல்தான் பெரிதாக இருந்தது.

"ஏம்யா, பொறந்து வளந்த ஊரு, உனக்கு வழி தெரியாதா? கண்ணாடியில ஒரு பொட்டிய ஒட்டிக்கினு அது சொன்ன சந்துல எல்லாம் பூந்து வருவியா? நாளைக்கு அது ஏரியில எறங்கச் சொன்னா எறங்குவியா?"

"எறங்குவன்மா. தப்பு என்னுதுதான்" என்றார் ஆதிமூலம்.

என்னுது என்றுதான் சொன்னார். கடைப் பெண் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று சொல்லவில்லை. ஆரோக்கியசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெயா கருவியைப் போய்க் குத்தியிருக்க வேண்டும். வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று மேடம் இங்கிலீஷில் சொல்லியது. அது என்ன சொல்கிறது என்று யாரோ கேட்டார்கள். அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் வில்லியனூரில் இருந்தாள்.

பிறகு யாரோ ஒரு கிழவர் சமாதானம் சொன்னார். அப்படி ஏதாவது நடந்திருந்தால் எங்களுக்கு முதலில் தெரியாதா, உனக்குச் சொல்லாமல் இருப்போமா என்றார்.

கலியம்மாள் அதுவரை குரலை உயர்த்தவில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"அன்னிக்கும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான சொன்னீங்க. டிரிப்ஸ் ஏறுது, நாளைக்கு வந்துடுவாருன்னு சொன்னீங்க. உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. வந்தா கஞ்சி குடிப்பாருன்னு நான் உலை வச்சினு இருந்தன். இந்த ஆளு வந்து நின்னாரு. பிளக் பாயிண்ட் எங்கம்மான்னு கேட்டாரு. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிது."

 ஆதிமூலத்தின் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதுதான் ஆரோக்கியசெல்விக்குப் பயமாக இருந்தது. சட்டைப் பையில் அவர் மூச்சு மட்டும் மேலும் கீழுமாகக் கேட்டது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கம்பெனியிலிருந்து அழைத்தால் ஆதிமூலத்தின் நம்பருக்குத்தான் அழைப்பார்கள். லைன் காலியாக இருக்க வேண்டும். ஃபோனை வைத்தாள்.

வைத்ததும் ஏம்பலம் இல்லாமல் போயிற்று. இனி அங்கே என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டரை ஆனது. பன்னிரண்டு நாற்பது. காவலாளி மறந்துவிட்டிருந்தால்? கலைவேந்தன் இன்றைக்கு வேலைக்கே வராமல் இருந்தால்? நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்துவிட்டாள். தவறான வீட்டுக்குப் போன பெட்டி சரியான வீட்டுக்குப் போனதாக ஆகிவிடக் கூடாதே. நோட்டைத் திறந்தாள், மூடினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அது சரியாக ஓடுகிறதா என்று ஃபோனில் மணி பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி அரங்கநாதன் இரண்டு தடவை சொன்னார். மூடியின்மேல் கை வைத்தபடியே இருந்தாள்.

ஒன்று ஐந்துக்கு ஃபோன் அடித்தது.

"பேசிட்டான் பாப்பா" என்றார் ஆதிமூலம்.

அவள் டப்பா மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

அவரே சொன்னார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, எடுத்த எடுப்பில் சாப்பிட்டியாம்மா என்று கேட்டானாம். கலியம்மாள் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவன் அம்மா, அம்மா என்று நாலு தடவை கூப்பிட்ட பிறகு, நீ இன்னா சாப்ட்ட என்று கேட்டாள். சாம்பார் சாதம், முட்டை என்றான். முட்டை எத்தனை என்று கேட்டாள். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தியை அவிழ்த்தாள். சாவியை அவர் கையில் தரவில்லை. வண்டி சீட்டில் வைத்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சன்" என்றார். "பன்னெண்டு வருசத்துல பெட்டி எறக்க நின்ன வூட்டுல தண்ணி குடிச்சது இதான். அது சாவு வூடு இல்லியே."

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டுக்கொண்டாளாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பெட்டிக்குள் தன் வீடு இருக்கக் கூடாது, எடுத்துவிடச் சொன்னாளாம். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நாலு மணிக்கு வண்டி கடைக்கு வந்தது. பெட்டியைக் கழுவினார், ஒயரைச் சுற்றினார், ஸ்டெபிலைசரைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்து அவள் மேஜையில் வைத்தார். அவள் பட்டியலைத் திறந்தாள். ஏம்பலம், தங்கவேல். இந்தத் தடவை ஒரு நூல் கீழே தள்ளித் தொட்டு, படித்துப் பார்த்து, அழித்தாள். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று திரை கேட்டதற்கும் படித்துப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அண்ணே, மெஷின் தப்பு இல்ல" என்றாள். "நான்தான் ஒரு நூல் கீழ தள்ளித் தொடல. பேரப் படிக்கல."

"தெரியும்."

"அங்க ஏன் சொல்லல?"

"நீ எந்த ஊரப் போட்டன்னு நான் கேக்கலியே. கேட்டுருந்தா இங்கயே தெரிஞ்சிருக்கும். யாரையும் ஒண்ணும் கேக்க வாணாம்னுதான இத எடுத்துக்கினன்."

அவர் போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. உட்காரவுமில்லை. மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் சாவிக்கொத்து இருந்தது, ஆனால் அது அசையவில்லை.

"இதுல மொத்தம் எத்தினி வூடு கீது பாப்பா?"

அவள் எண்ணிப் பார்த்து நூற்று அறுபத்து மூன்று என்றாள். இப்போது அழித்தது போக.

"அது ஒரு வருசத்துக்கு. மீதி பதினோரு வருசம் இதுல இல்ல" என்றார். "அத்தினி வூட்டுலயும் நான் செவுத்தப் பாத்துத்தான் கேட்டன். எத்தினி வூட்டுல நான் கேட்டுத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிதோ. மூஞ்சியப் பாத்திருந்தாலாவது தெரிஞ்சிருக்கும்."

வாசலில் வண்டி ஒன்று நின்றது. யாரோ அரங்கநாதனிடம் நாற்காலி கேட்டார்கள். ஆதிமூலம் அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருந்தார். பிறகு, கருவியை எடுக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, அவளிடம் கேட்டார்.

"எனக்காக ஒண்ணு செய்யி பாப்பா. இனிமே யாரு ஃபோன் பண்ணி ஐஸ் பெட்டி வேணும்னாலும், ஊரக் கேக்கறதுக்கு முன்ன, வூட்டுல இருக்கறவங்களுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேளு. இன்னும் சொல்லலன்னா, மொதல்ல சொல்லிட்டு அப்புறம் கூப்புடச் சொல்லு. நான் லேட்டா போறன்."